ஈஸ்டர் முட்டைக்குத் தேவதை தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்த ஆண்டு ஈஸ்டர் என்னும் உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 5-ஆம் தேதி வந்தது. அதையொட்டி உங்கள் இணைப்பிதழில் ஒரு பெட்டிச் செய்தி வெளியாகியிருந்தது. ‘ஈஸ்டர் என்ற பெயர் பாபிலோனிய இஷ்தார் தேவதையிடமிருந்து வந்தது, முட்டையும் முயலும் அவளுடைய வளமைச் சின்னங்கள், பிற்காலத்தில் திருச்சபை அவற்றை எடுத்துக்கொண்டது’ என்று மூன்று வரி; கூடவே விழாத் தேதி பற்றி ஒரு வரியும் இரண்டு படங்களும். விழாவுக்கு முந்தைய நோன்பான தவக்காலம் முடியும் தறுவாயில் ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றும் அதே மூன்று வரிதான். மூன்றும் தவறு. தவறு என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது முறையல்ல. இந்த வழக்கங்கள் உண்மையில் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் கடிதம் சற்று நீளும்.

நீங்கள் வெளியிட்ட படத்திலிருந்தே தொடங்குகிறேன். சிறகுகளோடு நேர்ப்பார்வையாக நிற்கும் பெண் தெய்வத்தின் அந்தச் சுடுமண் சிற்பம் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவள் இஷ்தார்தானா, பாதாள உலகின் அரசியான எரெஷ்கிகலா என்பதிலேயே அறிஞர்களிடம் ஒத்த கருத்து இல்லை. அது கிடக்கட்டும். படத்தை இன்னொரு முறை பாருங்கள். அவள் காலடியில் இரண்டு சிங்கங்கள் படுத்திருக்கின்றன. இரு பக்கமும் ஆந்தைகள் நிற்கின்றன. அவளுடைய பாதங்களே பறவையின் நகங்கள். முட்டை எங்கே? முயல் எங்கே? இஷ்தாருக்கு உரிய விலங்கு சிங்கம். உரிய சின்னம் எட்டு முனை நட்சத்திரம். நீங்கள் போட்ட படமே உங்கள் செய்தியை மறுக்கிறது.

பெயருக்கு வருவோம். இஷ்தாரும் ஈஸ்டரும் ஒலியில் ஒத்துப்போவது ஆங்கிலத்தில் மட்டும்தான். கிரேக்கத்திலும் லத்தீனிலும் இவ்விழாவுக்குப் பெயர் பாஸ்கா. இத்தாலியர் பாஸ்குவா என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பாக் என்கிறார்கள். ரஷ்யர்களுக்கு பாஸ்கா, டச்சுக்காரர்களுக்கு பாசன், ஸ்வீடனில் போஸ்க். எல்லாமே எபிரேயத்தின் பெசாக், அரமேயத்தின் பஸ்கா என்ற சொல்லிலிருந்து கிளைத்தவை. எகிப்திலிருந்து இஸ்ரயேலர் விடுதலை பெற்றதை நினைவுகூரும் விழாவின் பெயர் அது. தமிழ் வேதாகமம் ‘பஸ்கா’ என்று எழுதுவதும், நம் கத்தோலிக்கர்கள் ‘பாஸ்கா’ என்று சொல்வதும் அதே சொல்தான். சின்ன ஆசியாவின் சர்தை நகர ஆயர் மெலிட்டோ இந்த விழாவைப் பற்றிக் கிரேக்கத்தில் ஆற்றிய மறையுரை இன்றும் கிடைக்கிறது. அது 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆங்கிலம் என்றொரு மொழியே அப்போது பிறக்கவில்லை. ஆங்கிலத்தில் பிற்காலத்தில் ஒட்டிய பெயரை வைத்து விழாவின் பிறப்பைக் கணிப்பது, பேரன் பெயரை வைத்துத் தாத்தாவின் ஊரைத் தேடுவது போன்றது.

இஷ்தார் கதையைப் பரப்பியவர் யார் என்பதும் தெரிந்த விஷயமே. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த போதகர் அலெக்ஸாண்டர் ஹிஸ்லாப் 1853-இல் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். 1858-இல் அதைப் புத்தகமாக விரித்தார். கத்தோலிக்கத் திருச்சபை என்பது பழைய பாபிலோனிய சமயமே என்று நிறுவுவது அவர் நோக்கம். ஒலி ஒப்புமையைத் தவிர அவரிடம் வேறு சான்று இல்லை. ஒரு கிறிஸ்தவப் பிரிவு இன்னொரு பிரிவைத் தாக்க எழுதிய வாதம், இன்று கிறிஸ்தவத்தையே தாக்கப் பயன்படுகிறது. அதை எடுத்தாளும் பலருக்கு அதன் மூலம் தெரியாது.

ஆங்கிலப் பெயருக்கும் ஜெர்மன் மொழியின் ‘ஓஸ்டர்ன்’ என்ற பெயருக்கும் வேறொரு விளக்கம் உண்டு. வட இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் வாழ்ந்த துறவி பீட், காலக் கணக்கீடு பற்றி 725-இல் ஒரு நூல் எழுதினார். அதில் ஆங்கிலேயர்களின் பழைய மாதப் பெயர்களைத் தொகுக்கும்போது, ஏப்ரலை ஒட்டிய மாதத்துக்கு ஈஸ்டர்மோனத் என்று பெயர் என்றும், ஈஸ்ட்ரே என்ற தேவதைக்கு அம்மாதத்தில் விருந்து நடந்ததால் அப்பெயர் வந்தது என்றும், இப்போது அந்த மாதப் பெயராலேயே பாஸ்காவை அழைக்கிறார்கள் என்றும் குறிப்பிடுகிறார். நமக்குக் கிடைக்கும் பழைய சான்று இவ்வளவுதான். அவள் உருவம் எப்படி இருக்கும், எதற்கு அதிபதி, படையல் என்ன, எந்த விலங்கு அவளுக்கு வாகனம் என்பதெல்லாம் அங்கே இல்லை. முட்டை பற்றியோ முயல் பற்றியோ ஒரு சொல் இல்லை.

மீதியெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் சேர்ந்தவை. 1835-இல் ஜேக்கப் கிரிம், ஜெர்மானியத் தொன்மங்களைத் தொகுத்த தம் நூலில், ஆங்கிலேயருக்கு ஈஸ்ட்ரே இருந்தால் ஜெர்மானியருக்கு ‘ஓஸ்டாரா’ இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1874-இல் அடால்ஃப் ஹோல்ட்ஸ்மன் ஒரு படி மேலே போனார். ஈஸ்டர் முயல் தமக்கு விளங்கவில்லை என்று முதலில் எழுதிவிட்டு, ஓஸ்டாராவின் புனித விலங்காக முயல் இருந்திருக்கலாம் என்று சேர்த்தார். ‘இருந்திருக்கலாம்’ என்பதை அடுத்தடுத்து எழுதியவர்கள் ‘இருந்தது’ ஆக்கினார்கள். குளிரில் சிறகு உறைந்த பறவையைத் தேவதை முயலாக மாற்றினாள், அதனால்தான் அந்த முயல் முட்டையிடுகிறது என்ற கதையும் அதன் பிறகு கட்டியதுதான். பழங்கதை என்று அதை அச்சிடும் இதழ்கள் அதன் வயதைப் பார்ப்பதில்லை.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரே என்று ஒருத்தி இருந்ததே இல்லை, பீட் கற்பனை செய்தார் என்று சிலர் எழுதுவார்கள். அதுவும் அவசரம். 1958-இல் ஜெர்மனியின் மார்க்கன்-ஹார்ஃப் என்ற இடத்தில், ரோமானியர் காலத்து நேர்த்திக்கடன் கல்வெட்டுகள் 150-க்கும் மேல் கிடைத்தன. ‘ஆஸ்ட்ரியாஹேனே’ என்ற தாய்த் தெய்வங்களுக்கு வைத்தவை அவை. பெயரின் வேர் ஈஸ்ட்ரேயோடு ஒத்துப்போகிறது. ஆகவே, ஒரு வட்டாரத்தில் அப்பெயரில் ஒரு தெய்வம் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தக் கல்வெட்டுகளிலும் முட்டையோ முயலோ கிடையாது.

அப்படியானால் முட்டை எங்கிருந்து வந்தது? கோழிக்கூண்டிலிருந்து.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. தவக்காலம் என்றால் இன்று பலருக்கு மாமிசம் மட்டும் விலக்கு. இடைக்காலத்தில் முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாமே விலக்கு. 692-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய திருச்சபைச் சங்கத்தின் 56-ஆம் விதி, அர்மீனியாவில் சிலர் தவக்காலச் சனி, ஞாயிறுகளில் முட்டையும் பாலாடைக்கட்டியும் சாப்பிடுவதைக் கண்டிக்கிறது. நாம் விலக்கும் உயிர்களின் விளைபொருளே இவை, ஆகவே இவற்றையும் விலக்க வேண்டும் என்பது அதன் வாதம். மேற்கிலும் இதே கெடுபிடிதான். பிரான்சின் ரூவான் பேராலயத்தில் ஒரு கோபுரத்துக்கு இன்றும் ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்று பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் சாப்பிட அனுமதி வாங்க மக்கள் கொடுத்த காணிக்கையில் எழும்பியதாம் அது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் இங்கிலாந்தில் அப்பம் சுட்டுத் தின்பதும், வீட்டிலிருக்கும் முட்டையையும் வெண்ணெயையும் தீர்த்துவிடத்தான்.

விலக்கு மனிதருக்குத்தான், கோழிக்கு இல்லை. அதுவும் சரியாக அந்தக் காலத்தில்தான் கோழி அதிகம் முட்டையிடும். கோழியின் முட்டையிடும் சுரப்பைத் தூண்டுவது பகல் வெளிச்சம். நாளொன்றுக்குச் சுமார் 14 மணி நேரம் வெளிச்சம் கிடைத்தால் நன்றாக இடும். வட ஐரோப்பாவில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது. மின்விளக்கு வருவதற்கு முன்பு குளிர்காலத்தில் கோழிகள் முட்டையை அநேகமாக நிறுத்திவிடும். பிப்ரவரி கடைசியில் பகல் நீள நீள மறுபடி தொடங்கும். சாம்பல் புதனிலிருந்து விழாவுக்கு முந்தைய நாளான பெரிய சனி வரை 46 நாள். 40 நோன்பு நாள்களும் 6 ஞாயிறுகளும். பத்துக் கோழி வைத்திருக்கும் வீட்டில் ஒரு கோழிக்கு வாரம் நான்கு என்று குறைத்துக் கணக்கிட்டாலும், விழாவுக்குள் 260 முட்டை சேர்ந்துவிடும். அடைக்கு வைத்தது போக மீதியை என்ன செய்வது? உயிர்ப்பு ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து, தின்று, கொடுத்துத் தீர்க்க வேண்டியதுதான். ஜெர்மன் மொழிப் பகுதிகளில் நிலக்கிழாருக்குக் குடியானவர் அளக்க வேண்டியவற்றில் ஈஸ்டர் முட்டையும் ஒன்று. பணக்கார வீடுகளில் கணக்கு எழுதி வாங்கினார்கள்: இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் 1290-ஆம் ஆண்டு வரவுசெலவில், 450 முட்டை 18 பென்ஸுக்கு வாங்கிய பதிவு உண்டு. பென்னிக்கு 25 முட்டை. அவற்றுக்குச் சாயமும் தங்க ரேக்கும் பூசி அரண்மனையில் உள்ளவர்களுக்குக் கொடுத்தார்கள். 1614-இல் ரோமில் வெளியான சடங்கு நூலில் பாஸ்கா ஆட்டுக்குட்டிக்கும் ரொட்டிக்கும் பக்கத்திலேயே முட்டைக்கும் தனி ஆசீர்வாத செபம் இருக்கிறது. போலந்தில் இன்றும் பெரிய சனியன்று கூடையில் முட்டை, ரொட்டி, உப்பு, தொத்திறைச்சி, காட்டுமுள்ளங்கிக் கிழங்கு, வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டி எல்லாம் வைத்து மந்திரித்து வாங்கிப் போகிறார்கள். கூடையிலிருப்பதில் பாதி நோன்பில் விலக்கிய பொருள்தான் என்பதைக் கவனியுங்கள். விலக்கு நீங்குவதுதான் அந்தக் கூடையின் பொருள். கல்லறை திறந்த அடையாளம், புது வாழ்வின் அடையாளம் என்ற விளக்கங்கள் அதன்மேல் இயல்பாக வந்து அமர்ந்தவை. அவை பொய் என்று சொல்லவில்லை. ஆனால் முட்டை குவிந்த பிறகே விளக்கம் வந்தது.

இங்கே ஒரு சின்னத் தவறு அடிக்கடி வருகிறது. ‘நோன்புக் காலத்தில் கெடாமலிருக்க முட்டையை வேகவைத்தார்கள்’ என்பது அது. உண்மை நேர்மாறானது. கழுவாத பச்சை முட்டையின் மேல் மெல்லிய படலம் ஒன்று இருக்கும். ஓட்டின் துளைகளை அதுதான் மூடுகிறது. குளிர்ந்த நிலவறையில் தவிட்டிலோ சாம்பலிலோ புதைத்தால் பல வாரம் தாங்கும். சுண்ணாம்புத் தெளிநீரில் போட்டால் மாதக்கணக்கில் தாங்கும். வேகவைத்தால் அந்தப் படலம் போய்விடும். குளிர்பெட்டியிலேயே ஒரு வாரம்தான் கணக்கு. வேகவைத்தது விழாவை ஒட்டித்தான். கையில் கொடுக்கவும், கூடையில் தூக்கிப் போகவும், மோதி விளையாடவும் பச்சை முட்டை உதவாது.

மோதி விளையாடுவது என்றேன். கிரேக்கத்தில் பெரிய வியாழனன்று முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். உயிர்ப்பு இரவில் ‘கிறிஸ்து உயிர்த்தார்’ என்று ஒருவர் தம் முட்டையின் முனையால் மற்றவர் முட்டையைத் தட்ட, அவர் ‘மெய்யாகவே உயிர்த்தார்’ என்பார். உடையாத முட்டைக்காரருக்கு அந்த ஆண்டு நல்லது. இதிலும் நுணுக்கம் உண்டு. இளங்கோழியின் சிறு முட்டைக்கு ஓடு தடிமன். வேகும்போது கூர்முனை கீழே இருந்தால், காற்றறை அகன்ற பக்கமே நின்று, கூர்முனைக்குப் பின்னால் வெள்ளைக்கரு கெட்டியாக நிறைந்திருக்கும். தோற்பவை பெரும்பாலும் பெரிய, உருண்ட முட்டைகளே.

சாயத்துக்கும் தெய்வ ரகசியம் எதுவும் தேவைப்படவில்லை. ஐரோப்பா முழுவதும் பழைய முறை வெங்காயத்தோல்தான். வசந்தத்தின் தொடக்கத்தில் வயலில் பூவும் காயும் கிடையாது; நிலவறையில் குளிர்காலம் முழுவதும் தீர்ந்த வெங்காயத்தின் தோல் கிடக்கும். பத்துப் பன்னிரண்டு பெரிய வெங்காயத்தின் காய்ந்த வெளித்தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் தீயைத் தணித்து அரை மணி நேரம் வைக்க வேண்டும். வடிகட்டி, நன்றாக ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேர்க்க வேண்டும். முட்டைகளை ஒரே அடுக்காக அதில் வைத்து மெதுவாகச் சூடேற்றி, கொதி வந்தபின் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவிட்டு, அந்தச் சாயத்திலேயே ஆறவிட வேண்டும். வெள்ளை முட்டை செம்மஞ்சளிலிருந்து செங்கல் நிறம்வரை போகும். பழுப்பு முட்டை கருஞ்சிவப்பாகும்.

கெடுவது எங்கே என்றால், முதலாவது வினிகரில். ஓடு சுண்ணாம்பு, அமிலம் பட்டால் மேற்பரப்பு சற்றே அரிபட்டுச் சாயம் பிடிக்கும். தாராளமாக ஊற்றினால் ஓடு கரைந்து குமிழி கிளம்பும். குமிழி ஒட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. இரண்டாவது, முட்டையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவது. மேற்படலம் சில இடத்தில் போய்ச் சில இடத்தில் நின்றால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். எண்ணெய்க் கை பட்டாலும் விரல் அடையாளம் அப்படியே தெரியும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை நேரே சூடான சாயத்தில் போட்டால், அகன்ற பக்கத்துக் காற்றறை விரிந்து ஓடு வெடிக்கும். அதனால்தான் ஆறவிடச் சொன்னது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் தொட்ட இடம் வெளிறும். இரும்புச் சட்டியில் செய்தால் சாயம் கறுக்கும். அலுமினியம் வினிகரோடு சேர்ந்து கறைபடும். எனாமல் அல்லது எவர்சில்வர் பாத்திரமே சரி. இலைப் படம் வேண்டுமென்றால், நரம்பு எடுப்பான சிறு இலையை நனைத்து ஓட்டில் ஒட்டி, மெல்லிய நைலான் துணியை இறுக்கிச் சுற்றிப் பின்பக்கம் முடிச்சுப் போட வேண்டும். தளர்ந்தால் ஓரத்தில் சாயம் புகுந்து படம் கலங்கும். நன்றாகக் காய்ந்தபின் ஒரு துளி எண்ணெய் தடவினால் பளபளக்கும். ஈரத்தில் தடவினால் சாயம் கையோடு வரும்.

உக்ரைனின் ‘பிசங்கா’ இதிலிருந்து முற்றிலும் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, பிசங்காவின் படத்தைப் போட்டு ‘வேகவைத்த முட்டை’ என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஒரே நிறத்தில் முக்கி வேகவைத்துச் சாப்பிடுவதற்குக் கிராஷங்கா என்று பெயர். பிசங்கா பச்சை முட்டையில் செய்வது, சாப்பிடுவதற்கல்ல. ‘எழுது’ என்ற வினையிலிருந்து வந்த பெயர் அது. குச்சியின் நுனியில் கட்டிய சிறு பித்தளைக் கூம்புக்குக் கிஸ்த்கா என்று பெயர். அதைச் சுடரில் காட்டிச் சூடாக்கி, தேன்மெழுகைக் கோதி, உருகிய மெழுகால் ஓட்டில் கோடு எழுதுவார்கள். வெள்ளையாக நிற்க வேண்டிய கோடு முதலில். பிறகு மஞ்சள் சாயத்தில் முக்கி, மஞ்சளாக நிற்க வேண்டியதை மெழுகால் மூடுவது; பிறகு செம்மஞ்சள், சிவப்பு, கடைசியில் கறுப்பு. வெளிறியதிலிருந்து அடர்த்திக்குத்தான் போக முடியும், திரும்பி வர முடியாது. தவறான இடத்தில் ஒரு சொட்டு மெழுகு விழுந்தால் அந்தப் புள்ளி கடைசிவரை அந்த நிறத்திலேயே நின்றுவிடும். முடிந்ததும் முட்டையைச் சுடரின் பக்கவாட்டில் பிடித்து, மெழுகு மினுங்கத் தொடங்கியதும் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சுடருக்கு மேலே பிடித்தால் புகைக்கரி ஏறி வெள்ளைக் கோடு அழுக்காகும். நேர் தீயில் அதிகம் காட்டினால் ஓடு விரிசல் விடும். உள்ளிருப்பதை ஊதி எடுக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் அது காய்ந்து சுருங்கும். ஆனால் மேலே வார்னிஷ் பூசினால் துளை அடைபட்டு, உள்ளே வாயு தேங்கி வெடிக்கவும் கூடும். அந்த நாற்றம் வீட்டைவிட்டுப் போக நாளாகும். 2024 டிசம்பரில் உக்ரைனும் எஸ்டோனியாவும் சேர்ந்து முன்வைத்து, பிசங்கா கலை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

பிசங்காவின் சூரியச் சக்கரமும், முடிவில்லா அலைக்கோடும், முக்கோணமும் கிறிஸ்தவத்துக்கு முந்தியவையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. முட்டையோட்டில் கோலமிடுவது அவ்வளவு பழையது: தென்னாப்பிரிக்காவின் டீப்க்ளூஃப் குகையில் கீறல் கோலம் போட்ட தீக்கோழி முட்டையோடுகள் கிடைத்தன; வயது சுமார் 60,000 ஆண்டு. பாரசீகப் புத்தாண்டான நவ்ரோஸிலும் வண்ண முட்டை உண்டு. யூதர்களின் பெசாக் தட்டிலும் ஒரு முட்டை உண்டு. வசந்தத்தில் முட்டை மலிந்த ஊரிலெல்லாம் முட்டை விழாவுக்குள் வரும். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்ல இடையில் சங்கிலி வேண்டும். இரண்டு வீட்டில் அரிசி இருப்பதால் ஒரு வீட்டார் மற்ற வீட்டில் திருடினார்கள் என்று ஆகாது.

முயல் கதை இன்னும் எளிது, ஏனென்றால் அதற்கு ஆண்டும் ஊரும் உண்டு. ஹைடல்பர்க் மருத்துவர் கியார்க் ஃபிராங்க் 1682-இல் ஈஸ்டர் முட்டை பற்றி லத்தீனில் எழுதிய கட்டுரைதான், முட்டையிடும் ஈஸ்டர் முயலைத் தெளிவாகக் குறிப்பிடும் பழைய எழுத்து. ஜெர்மன் எல்லையோர அல்சாஸிலும் அதை அடுத்த பகுதிகளிலும் இவற்றை ‘முயல் முட்டை’ என்கிறார்கள். முயல் முட்டையிட்டுத் தோட்டத்துப் புல்லிலும் புதரிலும் ஒளித்துவைப்பதாகக் குழந்தைகளிடம் கதை சொல்கிறார்கள். பிள்ளைகள் ஆசையாகத் தேட, பெரியவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எழுதுகிறார். அவர் கவலை தேவதை பற்றியதல்ல. உப்பும் வெண்ணெயும் இல்லாமல் அளவுக்கு மீறி முட்டை தின்று வயிறு கெடுவதைப் பற்றியது!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் இரண்டையும் முயல் என்றே சொல்லிவிடுகிறோம். ஜெர்மானியரின் கதையில் வருவது காட்டுமுயல். குழி தோண்டி வாழும் சிறு முயல் அல்ல. காட்டுமுயல் வளை தோண்டாது; புல்தரையில் உடம்பு அளவுக்குப் பள்ளம் பறித்துப் படுத்திருக்கும். ஆட்காட்டிக் குருவியினத்துப் பறவைகளும் அதே புல்வெளியில் தரையிலேயே பள்ளத்தில் முட்டையிடும். முயல் எழுந்தோடிய பக்கத்தில் நாலு முட்டை கிடந்தால், முயலின் முட்டை என்று குழந்தைக்குக் கதை சொல்ல வேறென்ன வேண்டும்? இது ஊகம்தான், ஊகம் என்றே சொல்லுகிறேன். ஆனால் வயலில் போய்ப் பார்க்கக்கூடிய ஊகம்.

முயல்தான் ஆதிச் சின்னம் என்றால் எல்லா ஊரிலும் முயல் இருக்க வேண்டுமே! ஜெர்மன் மொழி பேசும் வட்டாரங்களிலேயே, வெஸ்ட்ஃபாலியாவில் முட்டை கொண்டுவந்தது நரி. சுவிட்சர்லாந்தின் சில பகுதிகளில் குயில். வேறு இடங்களில் சேவலும் நாரையும். பிரான்சின் பெரும்பகுதியில் விலங்கே இல்லை. பெரிய வியாழன் திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ என்ற கீதம் பாடியபின் கோயில் மணிகள் ஓய்ந்துவிடும். மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். உயிர்ப்பு இரவில்தான் மறுபடி மணி ஒலிக்கும். இடையில் மணிகள் ரோமாபுரிக்குப் பறந்துபோய்த் திரும்பும்போது முட்டைகளை உதிர்க்கின்றன என்பது பிரெஞ்சுக் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை. குழந்தைக்குத் தெரியாமல் முட்டையை ஒளித்துவைக்கப் பெரியவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டும். ஊருக்கு ஊர் சாக்கு மாறியிருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் தங்கள் முயலை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அது உலகச் சந்தைக்கு வந்தது. மற்ற ஊர்களின் நரியும் குயிலும் மெல்ல மறைந்தன.

பெரிய வெள்ளியன்று இங்கிலாந்தில் தின்னும் சிலுவை போட்ட மசாலா ரொட்டி பற்றிச் சுருக்கமாக. அந்தச் சிலுவை நிலவின் நான்கு பிறைகளைக் குறிக்கும், கிறிஸ்தவத்துக்கு முந்தைய சாக்சன் சின்னம் என்றும் சிலர் சொல்வார்கள்; அதற்குச் சான்று எதுவும் கிடையாது. 1592-இல் லண்டன் சந்தை அதிகாரி மசாலா ரொட்டி விற்பதற்குத் தடை போட்டபோது, அடக்கச் சடங்கு, பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் மூன்றுக்கும் விலக்கு அளித்தார். மீறினால் ரொட்டி பறிமுதலாகி ஏழைகளுக்குப் போகும். 1733-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கம் ஒன்றில், பெரிய வெள்ளியன்று பென்னிக்கு ஒன்றிரண்டு என்று கிழவி கூவி விற்கும் சிலுவை ரொட்டி வந்துவிட்டது. அவ்வளவே.

தேதியைப் பற்றிய உங்கள் வரியும் பிசகியது: ‘வசந்த சமநாள் வழிபாட்டையொட்டி’ என்று போட்டிருந்தீர்கள். பகலும் இரவும் சமமாகும் சமநாள் இங்கே வழிபாட்டுப் பொருளல்ல, கணக்கின் தொடக்கப் புள்ளி. பெசாக் யூதர்களின் நிசான் மாதப் பௌர்ணமியில் வருவது. அதற்கு அடுத்த ஞாயிறைப் பிடிக்கத்தான் இவ்வளவு கணக்கும். திருச்சபைக் கணக்கில் சமநாளான மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முதல் பௌர்ணமி. அதற்கு அடுத்த ஞாயிறு உயிர்ப்பு விழா. பௌர்ணமியே ஞாயிறாக இருந்தால் ஒரு வாரம் தள்ளும். அந்தப் பௌர்ணமி வானத்தைப் பார்த்து எடுப்பதல்ல, 19 ஆண்டுச் சுழற்சியில் அமைந்த திருச்சபை அட்டவணையில் இருப்பது. நாள்காட்டியில் அச்சான பௌர்ணமியை வைத்துக் கணக்கிடுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். 2019-இல் வானத்தில் சமநாள் மார்ச் 20, பௌர்ணமி மார்ச் 21. அப்படிப் பார்த்தால் மார்ச் 24 விழாவாகியிருக்க வேண்டும். அட்டவணைப் பௌர்ணமி ஏப்ரல் 18, ஆகவே விழா ஏப்ரல் 21. 2025-இல் அட்டவணைப் பௌர்ணமி ஏப்ரல் 13, ஞாயிறு. ஆகவே விழா ஏப்ரல் 20. கிழக்குத் திருச்சபைகளில் பெரும்பாலானவை ஜூலியன் நாள்காட்டியின் மார்ச் 21-ஐ எடுத்துக்கொள்கின்றன. அது நமக்கு ஏப்ரல் 3. அதனால்தான் அவர்கள் விழா பல ஆண்டுகளில் பின்னே வருகிறது.

திருத்தம் வெளியிடுவது உங்கள் கையில் இருக்கிறது. வெளியிட்டால், படத்துக்குக் கீழே ‘வேகவைத்த முட்டை’ என்பதையும் ‘பிசங்கா, பச்சை முட்டை’ என்று மாற்றிவிடுங்கள். அடுத்த உயிர்ப்பு விழா 2027 மார்ச் 28. சாம்பல் புதன் பிப்ரவரி 10. சிறுவர் பக்கத்தில் சாய முறையைப் போட எண்ணினால் அந்தப் புதனுக்கு முன்பே போடுங்கள். அப்போது சேர்க்கத் தொடங்கினால்தான் விழாவுக்குள் வீட்டில் போதிய வெங்காயத்தோல் சேரும். தோல் ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும், காகிதப் பையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்